லூனா: ஓர் இலத்தீன் சொல்லின் பிறப்பும் பொருளும்

இலத்தீன் மொழியில் திங்களைக் குறிக்கும் பெயர் 'லூனா' என்பது. அச்சொல்லை முதன்முறை கேட்கும் தமிழ் மாணவர்க்கு 'நிலா' என்னும் நம் சொல் உடனே நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டிலும் லகரம் உண்டு, மூக்கொலி ஒன்றும் உண்டு, அவை முன்பின்னாக மாறி நிற்கின்றன, பொருளும் ஒன்றே. தசை சதை ஆயினதும், விசிறி சிவிறி ஆயினதும் நாம் அறிந்தனவே ஆதலின், எழுத்து நிலைமாற்றம் என்னும் கருவியும் கையில் ஆயத்தமாக இருக்கின்றது. நிலாவே லூனா ஆயிற்று என்றோ, லூனாவே நிலா ஆயிற்று என்றோ சொல்லிவிட ஒரு நொடி போதும். அவ்வாறு சொல்லுதல் பொருந்துமா என்று பார்க்க அந்த ஒரு நொடி போதாது. இலத்தீன் சொல்லின் வரலாற்றை அம்மொழியின் சான்றுகளைக்கொண்டே முதலிற் காணுதல் வேண்டும். அதன் பின்னரே ஒப்புமையைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.

எழுத்து முறை பற்றி ஒரு சொல். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆதலின் 'இலூனா' என எழுதுதலே மரபு. இலத்தீன், உரோம் முதலிய பெயர்களில் அம்மரபைப் போற்றியுள்ளேன். ஆனால் ஒவ்வோர் ஒலியையும் எடுத்து ஆராய்வதற்கு உரிய சொற்களில், முன்னிற்கும் இகரம் ஆராய்ச்சியைக் குழப்பும். எனவே அவற்றை மட்டும் ஒலித்தவாறே எழுதுகின்றேன்.

உரோமர் தம் சொல்லைப் பற்றி என்ன கருதினர் என்பதிலிருந்து தொடங்கலாம். கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த வர்ரோ, இலத்தீன் மொழியைப் பற்றி 25 பகுதிகளாக ஒரு பெருநூல் எழுதினார். இன்று எஞ்சியிருப்பவை அவற்றுள் ஆறே. அவற்றுள் ஐந்தாம் பகுதியில் லூனா என்னும் பெயர், இரவில் தனித்து ஒளிர்வதால் வந்திருக்கலாம் என்கின்றார். பாலத்தீன் குன்றின்மேல் இருந்த திங்கட்கோயில் இரவில் விளக்கொளியோடு விளங்கியதனையும், அங்கே அத்தெய்வம் 'இரவில் ஒளிர்பவள்' எனப் பொருள்படும் 'நோக்திலூக்கா' என்னும் பெயர் பெற்றிருந்ததனையும் அவர் குறிக்கின்றார். சிசரோ கி.மு. 45-இல் தெய்வங்களின் இயல்பு பற்றி எழுதிய நூலில், 'லூகேரே', அதாவது ஒளிர்தல் என்னும் வினையோடு லூனாவை இயைத்து, மகப்பேற்றுக்குத் துணைநிற்கும் 'லூக்கினா' என்னும் தெய்வமும் அவளே என்பார். கி.பி. 636-இல் மறைந்த செவில் நகரத்து இசிதோர், லூக்கினா என்பதன் இடையெழுத்துகள் கெட்டு லூனா ஆயிற்று என்று இன்னும் எளிதாக முடித்துவிட்டார்.

இம்மூவரும் கூறிய வேர் சரியானதே. ஒளியைக் குறிக்கும் 'லூக்ஸ்', விளக்கொளியைக் குறிக்கும் 'லூமென்', ஒளிர்தலாகிய 'லூகேரே' ஆகிய சொற்கள் அவர்கள் நாவில் நாள்தோறும் வழங்கின. ஆதலின் குடும்பத்தை அடையாளம் காணுதல் அவர்கட்கு அரிதாக இருக்கவில்லை. ஆனால் அக்குடும்பத்தில் பலரிடத்தும் காணப்படும் ககரம் லூனாவில் எங்கே போயிற்று என்னும் வினாவிற்கு அவர்களிடம் விடை இல்லை. இடையெழுத்து கெட்டது என்று இசிதோர் கூறியது விடையன்று. வினாவையே வேறு சொற்களாற் கூறியதாகும். எழுத்து ஏன் கெட்டது, வேறு எச்சொற்களில் அவ்வாறே கெட்டது, எங்கே கெடாது நின்றது என்பன அன்றோ கேட்கத்தக்கவை? சொற்களின் பொருட்காரணம் பார்த்த அளவில் வெளிப்பட்டு நிற்பதில்லை என்னும் உண்மையைத் தொல்காப்பியர் உணர்ந்திருந்தார். உரோமப் புலவர்களோ, அது எப்போதும் வெளிப்பட்டே நிற்கும் என்று நம்பினர். மரச்சோலையைக் குறிக்கும் 'லூக்குஸ்' என்னும் சொல், அங்கே ஒளி புகாமையால் வந்தது என அவருட் சிலர் எதிர்மறையாகவும் காரணம் கூறினர். அது பிற்காலத்தில் நகைப்புக்கு உரிய எடுத்துக்காட்டு ஆயிற்று. அவ்வேடிக்கையிலும் ஓர் உண்மை உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

கெட்ட எழுத்தைப் பற்றிய சான்று ஏட்டிலிருந்து வரவில்லை. வெண்கலக் கண்ணாடி ஒன்றிலிருந்து வந்தது. உரோமுக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், இன்று பாலெஸ்திரினா எனப்படும் மலையூர், பழங்காலத்தில் பிரெனெஸ்தே என வழங்கியது. அவ்வூர்க் கைவினைஞர் வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில் கிரேக்கக் கதைகளைக் கீறி, உருவங்களின் அருகே பெயர்களையும் பொறித்துவந்தனர். அத்தகைய கண்ணாடி ஒன்றில், குத்துச் சண்டையிற் பெயர்பெற்ற போலக்ஸ், அவனோடு பொருத அமிக்குஸ் ஆகிய இருவருக்கும் இடையே ஒரு பெண் நிற்கின்றாள். அவளருகே பிறை காணப்படுகின்றது. அவளுக்கு எழுதப்பட்டுள்ள பெயர் 'லொஸ்னா' என்பது. பிறையோடு நிற்பவள் திங்கட்டெய்வமே. பெயரும் லூனாவேயன்றி வேறன்று. ஆனால் உரோம நகரத்து மொழியில் இல்லாத சகர ஒலி ஒன்று அதில் நிற்கின்றது! உரோமில் மறைந்த ஒலி, பக்கத்து ஊர் வழக்கில் மறையாது இருந்ததைக் கண்ணாடி காட்டுகின்றது. நூறு ஊகங்களைவிட இவ்வொரு பொறிப்பு பெருமதிப்புடையது.

சகரம் இருந்தது கண்டோம்; ககரமும் இருந்ததா? லூனாவிலேயே அதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் அதனோடு ஒத்த ஒலியமைப்புடைய வேறு ஒரு சொல் கிடைத்துள்ளது. உரோம நகரத்து மன்றத்தில் கருங்கல் தளம் ஒன்றின் அடியில் 1899-இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அதுவே கல்லிற் பொறித்த இலத்தீனுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் 'யொவுக்ஸ்மெந்தா' என்னும் சொல் உள்ளது. பிற்கால இலத்தீனில் இது 'யூமெந்தா'. நுகம் பூட்டும் விலங்குகள் என்பது பொருள். இங்கே 'ஒவுக்ஸ்ம' என நின்ற ஒலித்தொகுதி, பிற்காலத்தில் 'ஊம' என்று ஆனதனை இரு முனைகளிலும் எழுத்துச் சான்றோடு காண்கின்றோம். மகரத்திற்கு முன் நிகழ்ந்தது னகரத்திற்கு முன்னும் நிகழ்ந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஸெக்ஸ்' என்பதன் அடியாகப் பிறந்து, அவ்வாறு ஆறாக என்னும் பொருள் தரும் சொல் 'ஸேனி' என நிற்கின்றது. க்ஸ் முழுவதும் மறைந்தது. சிறகைக் குறிக்கும் 'ஆலா' என்பதன் சிறுமைப் பெயர் 'ஆக்ஸில்லா'. சிறுமைப் பெயரில் நிற்கும் க்ஸ், மூலச்சொல்லில் லகரத்திற்கு முன் கெட்டு, உயிரை நீளச் செய்துள்ளது. அகப்பை ஆப்பை ஆனதும் பெயர் பேர் ஆனதும் அறிந்த நமக்கு இவ்வீடுசெய் நீட்டம் புதிதன்று. உணவைக் குறிக்கும் 'கேனா' என்பதனை முன்னோர் 'கெஸ்னா' என்றனர் எனப் பழைய சொற்பொருள் நூலார் குறித்துவைத்திருப்பதும் இதற்கு அரணாகும்.

இவ்வளவும் கொண்டு, லூனாவின் பழைய வடிவம் லௌக்ஸ்னா என அறிஞர் மீட்டுருவாக்கினர். மீட்டுருவாக்கம் என்பதற்கு அறிகுறியாக அச்சொல்லின் முன் உடுக்குறி இடுதல் வழக்கம், அதாவது *லௌக்ஸ்னா. 'லௌக்' என்பது ஒளிர்தற் பொருளுடைய வேர். 'ஸ்னா' என்பது பெயராக்கும் விகுதிப் பகுதி. ஒளியுடையது, ஒளிர்பவள் என்பது சொல்லின் நேர்ப்பொருள். இப்பகுப்பு எழுந்தவிதமாகச் செய்ததன்று என்பதற்கு இனமொழிகள் சான்று பகர்கின்றன. ஈரானிய மறைமொழியாகிய அவெஸ்தாவில் 'ரௌக்ஷ்ன' என்றால் ஒளியுடையது. அக்கிளையில் பழைய லகரம் ரகரமாக மாறுதல் பெருவழக்கு ஆதலின், இச்சொல் லூனாவின் உடன்பிறப்பே. கி.மு. 327-இல் அலெக்சாந்தர் மணந்த பாக்திரிய நாட்டு மங்கை உரொக்சானாவின் பெயரும் இதுவே என்பர். இன்றைய பாரசீகத்து 'ரோஷன்' என்பதும் இதன் வழிவந்ததே. இந்துத்தானி வழியாகத் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் கடைப்பெயராகவும் மக்கட்பெயராகவும் அது வழங்குதலை யாவரும் அறிவர். பால்திக்குக் கடலோரத்தில் வழங்கி மறைந்த பழம் பிரசியத்தில் 'லௌக்ஸ்னோஸ்' என்பது விண்மீன்களைக் குறித்தது. கிரேக்கத்தில் இதே வேரினின்றும் இதே விகுதியோடும் பிறந்த 'லூக்னோஸ்' வீட்டு விளக்கைக் குறித்தது. ஆர்மீனியர் திங்களை 'லுசின்' என்பர். ஒளிக்கு அவர்தம் பெயர் 'லூயிஸ்'. ஒரே அடியிற் பிறந்த சொல் ஓரிடத்தில் நிலவாகவும், ஓரிடத்தில் விண்மீனாகவும், ஓரிடத்தில் அகல்விளக்காகவும், ஓரிடத்தில் அரசியாகவும் நிற்கின்றது. பெயரிட்டோர் முதலில் கண்டது ஒளியை என்பதும், அது எவ்வொளி என்பது இடந்தோறும் வேறுபட்டது என்பதும் விளங்குகின்றன.

வடமொழியில் இவ்வேர் 'ருச்' எனவும் 'ரோசதே' எனவும் வினையாக வழங்கும். லகரம் மாறாது நின்ற வடிவம் 'லோக' என்பது. வெளி, திறந்த இடம் என்பது அதன் பழம்பொருள். உலகு என்னும் பொருள் பின்னர் வளர்ந்தது. லித்துவேனியரின் 'லாவுகஸ்' என்பது திறந்த வயல். இப்போது உரோமரின் 'லூக்குஸ்' என்னும் சோலைக்குத் திரும்பினால், அதன் காரணம் புலனாகும். காட்டிடையே மரங்கள் நீங்கி ஒளி விழும் வெளியே முதலில் அப்பெயர் பெற்றது. அவ்வெளியில் தெய்வத்தை வழிபட்டனர். பிறகு அதனைச் சூழ்ந்த மரச்செறிவுக்கே பெயர் ஏறிற்று. ஒளியில்லாமையால் லூக்குஸ் என்றவர்கள் வேரைப் பிடித்து, பொருளைத் தலைகீழாகப் பிடித்தனர். தமிழ் 'உலகம்' பற்றிய வழக்கு வேறு; அதனை இங்கே இழுத்தல் வேண்டா.

இனி நிலாவிற்கு வருவோம். ஒப்புமை நிலைக்கவேண்டுமாயின், இரு சொற்களின் பழைய வடிவங்கள் ஒத்திருத்தல் வேண்டும். இன்றைய வடிவங்கள் ஒத்திருத்தல் போதாது. லூனாவின் பழைய வடிவில் வேர் 'லௌக்'. அதில் மூக்கொலியே இல்லை. மூக்கொலி விகுதியைச் சார்ந்தது. லூனாவிலிருந்து விகுதியை நீக்கினால் எஞ்சுவன லகரமும் ககரமுமே. நிலாவிலோ மூக்கொலி சொல்லின் தலையிலேயே நிற்கின்றது. மலையாளத்தில் நிலாவு, தெலுங்கில் 'நெல' என்பது திங்களையும் மாதத்தையும் குறிக்கும், நடுநாட்டுக் காடுகளில் வழங்கும் பர்ஜி, கோண்டி ஆகிய மொழிகளிலும் நிலவின் பெயர் 'நெல்' என்றே தொடங்குகின்றது. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவை ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதிலும் ககரத்தின் சுவடோ சகரத்தின் சுவடோ இல்லை. லகரம் முன்னும் நகரம் பின்னுமாக நின்ற வடிவமும் ஒன்றில்லை. நிலைமாற்றம் நிகழ்ந்தது என்பார், அது எம்மொழியில், எக்காலத்தில் நிகழ்ந்தது என்று காட்டுதல் வேண்டும். ஒரு சொல்லின் விகுதியை மற்றொரு சொல்லின் வேரோடு ஒப்பிட்டு உறவு கூறுதல், ஒருவன் அணிந்த சட்டையையும் மற்றொருவன் முகத்தையும் பார்த்து உடன்பிறந்தார் என்பது போலாகும். ஆதலின் லூனாவுக்கும் நிலாவுக்கும் பிறப்புறவு இல்லை.

இம்முடிவைக் கண்டு தமிழன்பர் சிலர் வருந்தக்கூடும். வருந்துதற்கு ஏதுமில்லை. நிலாவின் தொன்மை தமிழிலும் அதன் இனமொழிகளிலும் வேரூன்றி நிற்பது. அதற்கு உரோமரின் கைச்சான்று வேண்டியதில்லை. பொருந்தாத ஒப்புமை ஒன்றை நாம் ஏற்றுக்கொள்ளின், பொருந்திய ஒப்புமைகளை நாம் எடுத்துரைக்கும்போது பிறர் செவிசாய்க்க மறுப்பர். கால்டுவெல் 1856-இல் தொடங்கிவைத்த ஒப்பியல் நெறி நமக்குப் பெற்றுத் தந்த மதிப்பை, ஓசை ஒப்புமைகளுக்காக விற்றுவிடலாகாது.

லூனா இலத்தீனில் மிகப் பழைய திங்கட்பெயரும் அன்று. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் திங்களுக்கு உரிய மூத்த பெயர் வேறொன்று. வடமொழியில் அது 'மாஸ்', பாரசீகத்தில் 'மாஹ்', லித்துவேனியத்தில் 'மேனுவோ', ஆங்கிலத்தில் 'மூன்'. கிரேக்கத்தில் 'மேன்' மாதமாகவும் 'மேனே' திங்களாகவும் நின்றன. அளத்தற் பொருளுடைய வேரினின்றும் இப்பெயர் பிறந்தது எனப் பலர் கருதுவர். நாளை அளந்து காட்டும் கருவியாகத் திங்களைக் கண்டனர் போலும். இலத்தீனில் இச்சொல் 'மேன்சிஸ்' என நின்றது. ஆனால் அது மாதத்தை மட்டுமே குறித்தது. வானத்துத் திங்களுக்கு உரிய இடத்தை லூனா எடுத்துக்கொண்டது. ஏன்?

உரோமரின் மாதம் திங்களோடு உறவு விட்டமையே காரணம் எனலாமா? தொடக்கத்தில் புதுப்பிறை கண்டு மாதத் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. மாத நடுநாள் முழுநிலாவுக்கு உரியதாக இருந்தது. பின்னர் நாளெண்ணிக்கை நிலைபெற்று, கி.மு. 45-இல் சூலியசு சீசரின் சீர்திருத்தம் வந்தபோது, மாதம் வேறு திங்கள் வேறு என முற்றிலும் பிரிந்தன. இக்காரணம் கேட்பதற்கு நன்றாக உள்ளது, ஆனால் போதாது. கிரேக்கர் தம் மாதங்களைத் திங்களோடு ஒட்டியே எண்ணிவந்தும், மேனேயைப் பெரும்பாலும் விட்டு, ஒளி என்னும் பொருளுடைய 'செலாஸ்' என்பதிலிருந்து 'செலேனே' என்னும் புதுப்பெயரை மேற்கொண்டனர். ஆர்மீனியரும் மாதத்திற்குப் பழைய சொல்லை வைத்துக்கொண்டு, திங்களுக்கு ஒளிப்பெயர் இட்டனர். பல இனத்தார் தனித்தனியே ஒரே வழியிற் சென்றமை, நாட்காட்டியினும் ஆழமான காரணம் ஒன்றைக் குறிக்கின்றது. அஞ்சத்தக்கதும் வணங்கத்தக்கதுமான பொருளை இயற்பெயரால் விளியாது, அடைமொழியால் விளித்தல் உலக வழக்கு. பாம்பை நல்லது என்றும், அம்மை நோயைத் தாய் என்றும் கூறும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.

அம்மாற்றம் எவ்வாறு நிகழும் என்பதை வடமொழியே படிப்படியாகக் காட்டுகின்றது. 'சந்திர' என்பது ஒளிரும் என்னும் பொருளுடைய அடை. வேதமொழியில் 'சந்திரமாஸ்' என, அடையும் பழைய பெயரும் இணைந்து நின்றன. பின்னர்ப் பெயர் உதிர்ந்து அடை மட்டுமே பெயராயிற்று. நம் சந்திரன் அவ்வாறு வந்தவன். இதன் வேர் இலத்தீனிலும் உண்டு என்பது சுவையான செய்தி: வெண்ணொளி வீசுதலாகிய 'கந்தேரே', வெண்மையாகிய 'கந்திதுஸ்', மெழுகுவர்த்தியாகிய 'கந்தேலா' ஆகியவை அவ்வேரினவே. எனவே இலத்தீனில் லூனாவுக்கு நிகராக நம் வழக்கிலுள்ள சொல் எது என்று கேட்பின், பிறப்புமுறையால் ரோஷனும், பெயரிட்ட முறையால் சந்திரனும் எனல் வேண்டும். ஒரு வேறுபாடும் உண்டு. சந்திரன் ஆண்பால், லூனா பெண்பால். இலத்தீனில் மேன்சிஸ் ஆண்பாற் சொல்லாதலின், பெண்பால் அடையாகிய லூனா அதனைத் தழுவி நின்றிருக்க இயலாது. அது தொடக்கத்திலேயே பெண்தெய்வம் ஒன்றின் சிறப்புப் பெயராக இருந்ததெனக் கோடல் பொருந்தும் என்பது என் கருத்து.

அத்தெய்வம் உரோமில் பெரும்புகழ் பெற்றிலள். அவெந்தீன் குன்றில் அவளுக்கு ஒரு கோயில் இருந்தது. அரசர் செர்வியுசு துல்லியுசு எடுப்பித்தது எனக் கூறப்பட்ட அது, கி.பி. 64-இல் நீரோ காலத்துப் பெருந்தீயில் அழிந்தமையைத் தாசித்துசு எழுதியுள்ளார். நாளடைவில் தியானாவோடு அவள் ஒன்றாகிவிட்டாள். ஆனால் சொல் வேறு திசைகளிற் பரவியது. உழவர் வழக்கில் 'லூனா சிலென்ஸ்', அதாவது வாய்பேசாத் திங்கள், என்றால் நிலவு தோன்றா நாள். எருவிடுதல் முதலியவற்றுக்கு உரிய நாளைக் கூறும்போது மூத்த காத்தோ இத்தொடரை ஆள்கின்றார். ஒளியின்மையை ஒலியின்மையாகக் கூறும் இத்தொடர், உழவர் வாயிற் பிறந்ததாயினும் புலவர்க்கும் வாய்க்காத நயமுடையது. சிறு திங்கள் எனப் பொருள்படும் 'லூனுலா' உரோமச் சிறுமியர் காப்பாக அணிந்த பிறைவடிவ அணி; நம் நாட்டுத் தலையணியாகிய பிறையை அது நினைவூட்டும். உயர்குடியாளர் காலணியிலும் பிறைவடிவம் பதிக்கப்பட்டிருந்தது. அதன் காரணத்தைப் புளூத்தார்க்கு ஆராய்ந்திருக்கின்றார். இன்று மருத்துவ நூலார் நகத்தின் அடியில் தோன்றும் வெண்பிறையை அப்பெயரால் வழங்குகின்றனர். இரசவாதிகள் வெள்ளியை லூனா என்றனர். கிறித்தவத் திருச்சபையார் உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிக்கும்போது, 'பதினான்காம் லூனா' என்பது போன்ற தொடர்களால் திங்களின் வயதைக் குறித்தனர். அங்கே லூனா என்பதன் பொருள் ஏறத்தாழ நம் பஞ்சாங்கத்தின் திதியே.

இச்சொல்லின் வழித்தோன்றல்களுள் ஒன்று மனிதர்க்குத் தீங்கு செய்தது. திங்களின் வளர்தேய்வோடு வலிப்பும் மனப்பிறழ்ச்சியும் மிகுந்து குறையும் என்னும் நம்பிக்கை பழமையானது. மத்தேயு நற்செய்தியில் அத்தகைய நோயாளரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் செலேனே என்பதன் அடியாகப் பிறந்தது. இலத்தீன் திருமறையில் அது 'லூனாதிக்குஸ்' என மொழிபெயர்க்கப்பட்டது. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தோர் 'சந்திரரோகி' என்றனர். ஒரே நம்பிக்கை மூன்று மொழிகளில், மூன்று திங்கட்பெயர்களை ஏறிக் கடல் கடந்தது. ஆங்கிலத்தில் 'லூனடிக்' என்பது சட்டச்சொல் ஆயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் திறக்கப்பட்ட மனநோய் விடுதியும் அச்சொல்லையே பெயரிற் கொண்டிருந்தது. 1922-இல் அப்பெயர் மாற்றப்பட்டது. எனினும் 1912-ஆம் ஆண்டின் இந்திய லூனசிச் சட்டம், விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் நின்று, 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. நோயுற்ற ஒருவர் நீதிமன்றத்தில் அப்பெயரால் எழுதப்பட்டபோது, எழுதியவர் எவரும் திங்களை நினைத்திரார். நோயாளரும் உறவினரும் இழிவை மட்டுமே உணர்ந்திருப்பர். சொல்லின் பொருட்காரணம் மறைந்த பின்னும் அதன் கடுமை மறைவதில்லை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் சந்திரரோகி நீங்கி, வலிப்பு நோய் என்றே வந்திருத்தல் மொழிபெயர்ப்பாளரின் செவ்விய நோக்கைக் காட்டும்.

மற்றொரு வழித்தோன்றல் தமிழர் வாழ்விலும் நாள்தோறும் வழங்குவது. ஆனால் சொல்லாக அன்று, பொருளாக. கோள்களின் பெயரால் ஏழு நாட்களை வரிசைப்படுத்தும் முறை உரோமப் பேரரசில் பரவியது. கி.பி. 79-இல் எரிமலையிற் புதையுண்ட பாம்பேயி நகரத்துச் சுவர்க்கீறலிலும் அவ்வரிசையைக் காணலாம். ஞாயிற்றை அடுத்த நாள் 'திஏஸ் லூனே', திங்களின் நாள். கிரேக்க, உரோமச் சோதிடத்தோடு இம்முறை இந்தியாவிற்கும் வந்தது. புத்தகுப்தனின் காலத்து எரண் கல்வெட்டு, கி.பி. 484-இல், கிழமை குறித்த நாளொன்றைத் தருகின்றது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களை அதே கிழமை வரிசையில் நிறுத்துகின்றது. எனவே திங்கட்கிழமை என்னும் தொடரில் சொல் முற்றிலும் தமிழ். அச்சொல்லை அந்நாளுக்கு உரியதாக்கிய முறை மட்டுமே மேற்கிலிருந்து வந்தது. பிறப்புறவு இல்லாத நிலாவுக்கும் லூனாவுக்கும் இடையே வரலாறு உண்டாக்கிய மெய்யான இணைப்பு இதுவே. பிரெஞ்சுக்காரரின் 'லந்தி', இத்தாலியரின் 'லூனெதீ', இசுபானியரின் 'லூனெஸ்' ஆகியவை இந்நாளின் பெயர்களே. இசுபானியச் சொல்லின் ஈற்றுச் சகரம், செவ்வாய் முதலிய மற்றக் கிழமைப் பெயர்களின் ஈற்றைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. போர்த்துகீசியர் மட்டும் கோட்பெயர்களைத் தவிர்த்து, இரண்டாம் நாள் என எண்ணாற் கூறுவர்.

உருசிய மொழியிலும் திங்கள் 'லுனா' என்றே வழங்கும். உருசியர் 1959 செப்டம்பரில் ஏவித் திங்களின் தரையைத் தொட்ட முதற்கருவி அப்பெயர் கொண்டது. இதனை இலத்தீனிலிருந்து பெற்ற கடன் என எண்ணுதல் எளிது. ஆனால் சுலாவிய மொழிகளில் அது பழைய லௌக்ஸ்னாவினின்று நேரே வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. அம்மொழிகளிலும் ஔகாரம் உகரமாகி, னகரத்திற்கு முன் நின்ற ஒலிகள் கெட்டன. இரு மொழிகளும் வேறு வேறு வழியாக நடந்து ஒரே வடிவத்தை அடைந்தன. 2023 ஆகத்து 19-இல் லூனா 25 திங்களில் வீழ்ந்து நொறுங்கியது. நான்கு நாள் கழித்து, 23-இல், சந்திரயான் 3 தென்முனைக்கு அருகே இறங்கியது. இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒளிர்வது என்பதே. இந்திய நகரங்களில் ஒருகாலத்தில் எங்கும் ஓடிய லூனா என்னும் சிறு மோட்டார் வண்டிக்கு அப்பெயரிட்டவர் பிரெனெஸ்தேயின் கண்ணாடியைக் கண்டிரார் என்றே நம்புகின்றேன்.

இலத்தீனின் மகள்மொழிகளுள் இத்தாலியமும் இசுபானியமும் லூனாவை மாறாது வைத்துள்ளன. பிரெஞ்சில் அது 'லூன்'. போர்த்துகீசியத்தில் னகரமும் உதிர்ந்து 'லுவா' ஆயிற்று. உருமேனிய மொழியில் 'லுனா' என்பது திங்களை மட்டுமன்றி மாதத்தையும் குறிக்கின்றது. உரோமர் மேன்சிஸ் என்றும் லூனா என்றும் பிரித்துவைத்த இரு பொருள்களையும், தான்யூபுக் கரையிலிருந்த உழவர் மீண்டும் ஒரே சொல்லில் சேர்த்துவிட்டனர். வாடகையும் ஊதியமும் அங்கே லுனாக் கணக்கில்தான் எண்ணப்படுகின்றன.